பொண்ணுக்குப் போட்ட நகை யாருக்குச் சொந்தம்? சீர், சீதனம், வரதட்சணை: ஒரு எளிய விளக்கம்

எஸ்.பி.பட்டினம் தொடங்கி தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று மூக்கையூர் வரைக்கும் நம் ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரில் கல்யாணம் பேசினாலும் பெண் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று போகத்தான் செய்கிறது. நகை, பாத்திரம், பீரோ, கட்டில், ரொக்கம், பைக், சில ஊர்களில் வீடே போகிறது. போகிற எல்லாவற்றையும் மொத்தமாக "செய்முறை" என்று சொல்லிவிடுகிறோம், சண்டை வந்தால் மட்டும் "வரதட்சணை" என்கிறோம். இதில் எது யாருக்குச் சொந்தம், எது குற்றம், எது குற்றமில்லை என்று கேட்டால் கல்யாணம் முடிந்து இருபது வருஷம் ஆனவர்களுக்கே தெளிவாகத் தெரிவதில்லை. அதனால்தான் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். இனிமேல்தான் கல்யாணம் ஆகப்போகிற பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும் படித்தால் எனக்குச் சந்தோஷம்.

முதலில் அடிப்படையான விஷயம். பெண்ணுக்கு என்று கொடுத்தது பெண்ணுக்கே சொந்தம். அப்பா அம்மா போட்ட நகை, தாய்மாமன் போட்ட மோதிரம், மாமியார் வீட்டில் போட்ட செயின், அவள் பெயருக்கு எழுதிய மொய், முதல் தீபாவளிக்கு வந்த சீர், வளைகாப்பு வளையல் எல்லாமே இதில் அடங்கும். இதைத்தான் சட்டத்தில் ஸ்ரீதனம் என்கிறார்கள், நாம் சீதனம் என்கிறோம். புருஷனுக்குப் பாதி என்றோ, குடும்பத்துக்குப் பொது என்றோ இதில் எதுவும் கிடையாது. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: ஸ்ரீதனம் மனைவியின் முழுச் சொத்து, கணவனிடமோ மாமியாரிடமோ பத்திரமாக வைக்கக் கொடுத்திருந்தால் அது நம்பிக் கொடுத்தது, கேட்கும்போது திருப்பித் தரவில்லை என்றால் நம்பிக்கை மோசடி.

நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் சம்பாதித்துத்தான் நகை சேர்க்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னப்பாலம் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிற பெண்கள், கருவாடு காயப்போடுகிறவர்கள், இறால் கம்பெனிக்குப் போகிறவர்கள், சங்கத்தில் கடன் வாங்கிச் சீட்டுப் போட்டு ஒவ்வொரு பவுனாக எடுப்பவர்கள். "அப்பா போட்டது" என்று சபையில் சொல்லப்படுகிற நகையில் ஒரு பங்கு அந்தப் பெண்ணின் சொந்த உழைப்பாகவே இருக்கும். அதன் மேல் வேறு யாருக்கும் உரிமை இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, அப்படியானால் வரதட்சணை எது? மாப்பிள்ளை வீட்டார் கேட்டு, பேசி, "இவ்வளவு கொடுத்தால்தான் கல்யாணம்" என்று வாங்குவது வரதட்சணை. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் இதைக் கல்யாணத்துக்கு முன்பு, கல்யாணத்தன்று, அதற்குப் பின்பு எப்போது வேண்டுமானாலும் கல்யாணத்தை ஒட்டிக் கொடுக்கிற அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொள்கிற சொத்து என்று விரிவாகவே சொல்கிறது. கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது 5 ஆண்டு சிறை, அதோடு 15,000 ரூபாய் அல்லது கொடுத்த பொருளின் மதிப்பு, இதில் எது அதிகமோ அது அபராதம். கேட்டாலே குற்றம், வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை: 6 மாதத்திலிருந்து 2 ஆண்டு வரை சிறை. "இருபத்தஞ்சு பவுன் போடுறோம், ரெண்டு லட்சம் கையில தர்றோம்" என்று வெற்றிலைபாக்கு மாற்றிப் பேசி முடித்தாலும் சரி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் சரி, அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

இதே சட்டத்தில் 6-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. வரதட்சணையாகவே போன பொருளாக இருந்தாலும், அதை வாங்கினவர் 3 மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைத்துவிட வேண்டும், ஒப்படைக்கும் வரை அவளுக்காகத்தான் வைத்திருப்பதாகக் கணக்கு. ஆக, அன்பாகக் கொடுத்தாலும் கட்டாயத்தில் கொடுத்தாலும் கடைசியில் சொந்தக்காரி அந்தப் பெண்தான். மாப்பிள்ளையின் அக்கா கல்யாணத்துக்கு அந்தப் பணத்தைப் போட்டுவிட்டோம் என்பது பதிலே இல்லை.

இனி அடகுக் கடைக்கு வருவோம், நம் ஊரில் நகை பெண்ணின் கையை விட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், இன்ஜின் வேலை பார்ப்பார்கள், வலை எடுப்பார்கள். தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போக டீசல், ஐஸ் என்று கையில் காசு வேண்டும். வீட்டில் வருமானம் இல்லாத மாதத்தில் இவ்வளவு செலவு. எங்கே போவார்கள்? புது மருமகளின் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம், ஒரே வாரத்தில் வீட்டில் இருக்கிற நகை மொத்தமும் போய்விடும்.

கஷ்டத்தில் நகையைக் கொடுக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுக்காமல் ஒரு வருஷம்கூட ஓட்ட முடியாது. நான் சொல்வது எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றி. அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நகையை மீட்க முடியும், ஏல நோட்டீஸும் அவர் பெயருக்குத்தான் வரும். மாமனார் பெயரில் வைத்த நகை ஏலத்துக்குப் போனது அதன் சொந்தக்காரிக்குத் தெரியவே தெரியாது என்கிற நிலை இப்படித்தான் வருகிறது. கூட்டுறவு வங்கியோ, தனியார் கடையோ, நகையை நீங்களே கொண்டுபோய் உங்கள் பெயரில் வையுங்கள், சீட்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவிடுங்கள். "என்னம்மா, எங்களை நம்பலையா?" என்று கேட்பார்கள். "நம்புறதாலதான் மாமா கொடுக்கிறேன், சீட்டு என் பேர்ல இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெண் வீட்டில் 89 பவுன் போட்டிருக்கிறார்கள். கல்யாணமான முதல் நாள் இரவே பத்திரமாக வைக்கிறேன் என்று கணவர் நகையை வாங்கித் தன் தாயிடம் கொடுத்தார், பிறகு அது அவர்களுடைய கடனை அடைக்கப் போய்விட்டது என்பது மனைவியின் புகார். ஸ்ரீதனம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து ஆகாது, இக்கட்டில் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்கள். அந்தக் கல்யாணம் நடந்தது 2003-இல். நியாயம் கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இழுத்தடிக்காமல் இருக்க ஒரு எளிய வழி உண்டு: பட்டியல். 1985-இல் வந்த விதிகளின்படி மணப்பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்ததற்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, யார் கொடுத்தார், அவர் என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கேட்காமல், தங்கள் வசதிக்குத் தக்கபடி, வழக்கப்படி கொடுக்கிற பரிசு குற்றமில்லை என்று சட்டம் சொல்வதும் இந்தப் பட்டியலில் ஏற்றியிருந்தால்தான். ஐம்பது ரூபாய் மொய்யைக்கூட ஊர், பெயர், தகப்பன் பெயர் போட்டு நோட்டில் எழுதி முப்பது வருஷம் பெட்டியில் பாதுகாக்கிற நாம், பெண்ணுக்குப் போட்ட இருபது பவுனை ஒரு தாளில் எழுதி வைப்பதில்லை! இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். நகைக்கடை பில்லைப் பெண் பெயரிலேயே போடச் சொல்லுங்கள், கழுத்து, காது, கை என்று தனித்தனியாகப் போட்டோ எடுத்து வையுங்கள். பீரோ, ஃப்ரிட்ஜ் பில்லுக்கும் அதேதான்.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. இன்றும் நிச்சயதார்த்தத்தை நம் பக்கம் "பரிசம் போடுறது" என்றுதான் சொல்கிறோம். பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போவது. தமிழ்நாட்டில் பல சாதிகளில், நிலத்திலும் கடலிலும் பெண்ணும் ஆணும் சேர்ந்து உழைத்த குடும்பங்களில் முக்கியமாக, பரிசப் பணம் கொடுத்துத்தான் பெண் எடுத்திருக்கிறார்கள், உழைக்கிற ஒரு ஆளை அந்த வீடு இழக்கிறதல்லவா. இன்று பரிசம் என்பது ஒரு பட்டுப்புடவையும் பூ பழத் தட்டும் என்று சுருங்கிப்போய், பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. மாதச் சம்பளம், படிப்பு, அரசு வேலை என்று வந்தபோது அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்குப் போட்டி வந்தது, போட்டி வந்த இடத்தில் விலை வந்தது. சமூகவியல் அறிஞர் எம்.என்.சீனிவாஸ் இதைத்தான் வலியுறுத்தினார்: பழைய ஸ்ரீதனமும் இன்றைய வரதட்சணையும் ஒன்றல்ல, இன்றையது ஆங்கிலேயர் காலத்துப் பணப் பொருளாதாரமும் படிப்பும் சம்பள வேலையும் சேர்ந்து உண்டாக்கியது என்று. "இது நம்ம முன்னோர் காலத்துப் பழக்கம்" என்று யாராவது சொன்னால் பரிசத்தை ஞாபகப்படுத்துங்கள்.

முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு வேறு. மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது, நிக்காஹ்வின்போது ஜமாஅத் பதிவேட்டிலேயே எழுதுகிறார்கள், அது முழுக்க அவளுக்குச் சொந்தம். வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணை இல்லை என்று தனியாகவே விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் மஹர் என்று ஒரு சின்னத் தொகையை எழுதிவிட்டு, எதிர்ப்பக்கம் "கைக்கூலி" என்று பல லட்சம் வாங்குவது நடக்கிறது, அந்தக் கைக்கூலி வரதட்சணையேதான், பெயர் மாறினால் குற்றம் மாறாது. ஊருக்குள் ஜமாஅத்துகளும் இளைஞர்களும் கைக்கூலி வேண்டாம் என்று பேசும்போது மார்க்கத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள், அது நல்ல வழி.

கீழக்கரையில் இன்னொரு வழக்கம் உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கல்யாணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றவர்களின் பொறுப்பு. காயல்பட்டினத்திலும் இப்படித்தான். ஆண்கள் வியாபாரத்துக்கும் வேலைக்கும் கடல் கடந்து வருஷக்கணக்கில் போய்விடுகிற ஊரில், பெண் தன் தாயோடும் அக்கா தங்கையோடும் சொந்த வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். நடுராத்திரியில் "உன் வீட்டுக்குப் போ" என்று அவளை யாரும் விரட்ட முடியாது, அது அவள் வீடு. இதற்கும் ஒரு கஷ்டமான பக்கம் இருக்கிறது: நாலு பெண் பெற்றவர் நாலு வீடு கட்ட வேண்டும், ஆயுள் முழுக்க வளைகுடாவில் உழைத்தாலும் கடன் தீராது. இருந்தாலும், கொடுப்பது என்று ஆகிவிட்டால், ரொக்கமாக மாப்பிள்ளை கையில் போவதைவிடப் பெண் பெயரில் ஒரு கூரை என்பது ஆயிரம் மடங்கு மேல் என்பதுதான் என் எண்ணம். பத்திரம் நிஜமாகவே அவள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "அது உன் வீடுதானே" என்கிற வாய்வார்த்தை அண்ணன் தம்பிகளுக்குள் பிரச்சினை வரும் வரைக்கும்தான் நிற்கும்.

தனுஷ்கோடியிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அக்கரை, யாழ்ப்பாணம். அங்கே சீதனத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1707-இல் டச்சுக்காரர்கள் எழுதித் தொகுத்த தேசவழமை என்கிற சட்டத்தில் சொத்து மூன்று வகை: வழிவழியாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கிற சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு கணவன் மனைவி சேர்த்த தேடியதேட்டம். நிலம், வீடு என்று உறுதி (பத்திரம்) எழுதிச் சீதனம் கொடுப்பார்கள், ஆனால் சீதனம் வாங்கிய பெண் பெற்றோர் சொத்தில் மேற்கொண்டு பங்கு கேட்க முடியாது. அங்கே அது சட்டம்.

இக்கரையில் அப்படி ஒரு சட்டம் கிடையவே கிடையாது, ஆனால் இருப்பதுபோலவே எல்லோரும் பேசுகிறோம். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு, ஊரே மெச்ச அனுப்பிவிட்டாச்சே, இனிமே தோப்புல என்ன பங்கு?" இந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் ஒரு துளி ஆதாரம் இல்லை. இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து உயில் இல்லாமல் வந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு, இது 1956-லிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது, அப்போது கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்கு. 2005-இல் மத்தியச் சட்டம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்கிற வித்தியாசத்தையே எடுத்துவிட்டது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்கிற குழப்பத்தையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: தேவையில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதிலும் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி, அதையும் கல்யாணத்துக்குச் செலவு செய்தோம் என்று சொல்லிக் கழித்துக்கொள்ள முடியாது.

ஆனால் ஒரு கையெழுத்துப் போதும், எல்லாம் போய்விடும். விடுதலைப் பத்திரம். அப்பா காலமான பிறகு ஒரு நாள் அண்ணன் வந்து "பட்டா மாத்தணும், ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வா தாயி" என்று கூப்பிடுவார், வண்டி அனுப்புவார், மதியம் சாப்பாடு போட்டு ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்து அனுப்புவார். அந்தப் பத்திரத்தில் "என் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதியிருக்கும். மனசார விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம், அண்ணன் தம்பி உறவு முக்கியம் என்று நினைத்து விட்டுக்கொடுக்கிறவர்கள் நிறைய, அவர்களைக் குறை சொல்ல நான் யார். ஆனால் படித்துப் பார்க்காமல், சொத்தின் மதிப்பு தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நியாயமான அண்ணன் ஒரு நாள் பொறுப்பார்.

பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை. நிலத்தில் கொடுக்க வேண்டிய பங்கை மறைக்க நகையில் தாராளம் காட்டுவதும், அந்த நகைக்கே வட்டிக்குக் கடன் வாங்குவதும் பெண்ணுக்குச் செய்கிற நல்லது இல்லை. நம் அரசாங்கமே ஒரு காலத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் நடத்தியது, ரொக்கத்தோடு 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கம், 2016 முதல் 8 கிராம். 2022-இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் படிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டமாக ஆக்கினார்கள். தாலித் தங்கம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டவர்கள் நம் ஊரிலும் உண்டு. எனக்கு அந்த மாற்றம் சரியாகவே படுகிறது, ஏனென்றால் படிப்பை யாரும் அடகு வைக்க முடியாது.

கடைசியாக, பிரச்சினை வந்துவிட்டால் எங்கே போவது. வரதட்சணை கேட்டு அடிப்பது, பட்டினி போடுவது, மனதைச் சித்திரவதை செய்வது எல்லாம் தனிக் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு என்று ஆகியிருக்கிறது. கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் தீக்காயத்தாலோ வேறு இயற்கைக்கு மாறான விதத்திலோ இறந்து, சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால் அது வரதட்சணை மரணம், 80-ஆம் பிரிவு, குறைந்தது 7 ஆண்டிலிருந்து ஆயுள் தண்டனை வரை. அந்த அளவுக்குப் போகும் வரை பொறுத்திருக்காதீர்கள். "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற பெற்றோர்களே, தயவுசெய்து இதை இன்னொரு தடவை படியுங்கள்.

181 என்கிற எண் பெண்களுக்கான உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர்தான் வரதட்சணைத் தடுப்பு அலுவலரும், நமக்கு அது ராமநாதபுரத்தில். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். கேஸ் என்று பெரிதாகப் போக வேண்டாம், நகை மட்டும் திரும்பி வந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதில் ஸ்ரீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், 15100-க்குப் போன் செய்தால் சொல்வார்கள். பெற்றவர்கள் பலர் போலீசுக்குப் போகாததற்குக் காரணம் "கொடுத்ததும் குற்றம்னு நம்மளையும் உள்ள வச்சிருவாங்களோ" என்கிற பயம். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவிலேயே அதற்குப் பதில் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் கொடுக்கிற வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே வழக்குப் போட முடியாது.